பழைய ஈய மினியேச்சர்கள்: சேர்க்கவும் வண்ணம் தீட்டவும் ஒரு தொடக்கம்

கோடரியை ஓங்கிக்கொண்டு, முகத்தில் பாதி மூக்கும் மீதி பல்லுமாக இளிக்கிற ஒரு காப்ளின், ஐரோப்பியக் கதைகளில் வருகிற குட்டிப் பூதம். உயரம் 3 சென்டிமீட்டர்கூட இருக்காது, ஆனால் கையில் எடுத்தால் அந்த அளவுக்குப் பொருந்தாத கனம். 1970களிலும் 80களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விளையாட்டுக்காக வார்த்த இந்த மாதிரி உலோக உருவங்களைத் தேடிப் பிடித்து, மேலே இருக்கிற பழைய பெயின்டை எடுத்துவிட்டு, மறுபடி வண்ணம் தீட்டி வைக்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வார்ஹாமர் என்ற போர் விளையாட்டின் பெயரை வீடியோ கேம் வழியாகவோ யூடியூப் வழியாகவோ கேள்விப்பட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் செதுக்கி, முடி இழைவரை தெரிகிற புது பிளாஸ்டிக் உருவங்கள் கிடைக்கும்போது இந்தக் குண்டுமூக்குப் பொம்மைகளை ஏன் தேட வேண்டும்?

என் பதில், முதல் முறையாக பிரஷ் பிடிக்கிறவருக்குப் பழைய உருவங்கள்தான் சுலபம் என்பது. ஏக்கம், மலரும் நினைவு எல்லாம் அப்புறம். அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று புரிந்தால் எதை வாங்குவது, எப்படித் தீட்டுவது என்பதும் பாதி புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் வரலாற்றிலிருந்தே வருகிறேன்.

மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் விளையாடுவது ஐரோப்பாவில் பழைய பழக்கம். ஆனால் அதெல்லாம் நெப்போலியன் படை, ரோமப் படை என்று வரலாற்றை ஒட்டியது. 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிகளின் பின்பகுதியில் டிராகன், மந்திரவாதி, பூதம் எல்லாம் வந்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து கிளம்பிய விளையாட்டு அது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக மாறி, குகைக்குள் இறங்கி, அரக்கர்களோடு மோத வேண்டும். மேசைமேல் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட உருவம் வேண்டும், ஆனால் அரக்கர் உருவங்கள் சந்தையில் அநேகமாக இல்லை. ஹாங்காங்கில் தயாரான மலிவான பிளாஸ்டிக் மிருகப் பொம்மைகளைக் கைகாக்ஸ் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவற்றுக்கு ஏற்ற மாதிரி பெயரும் குணமும் எழுதினார். அந்த விளையாட்டில் இன்றும் இருக்கிற ஆந்தைக்கரடியும், இரும்பைத் தொட்டால் துருவாக்கும் பிராணியும் அப்படிப் பிறந்தவைதான். இருக்கிற பொம்மைக்கு ஏற்ப அரக்கனை உண்டாக்கினார்கள் என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் கம்பெனிகள் வந்தன. இங்கிலாந்தில் சௌத்தாம்டனில் இருந்த மினிஃபிக்ஸ் ஏற்கெனவே வரலாற்றுச் சிப்பாய்களை வார்த்துக்கொண்டிருந்தது, அதுவே ஃபேன்டஸிக்கும் இறங்கியது. அமெரிக்காவில் 1975இல் ஒஹாயோ மாநிலத்து சின்சினாட்டியில் ரால் பார்தா தொடங்கியது. அதன் முக்கியச் சிற்பி டாம் மையர் அப்போது பதின்வயதுப் பையன். அவர் செய்த எல்ஃப்களை (கூர்மையான காதுள்ள தேவதை இனம்) பார்த்தால் வயது தெரியாது, அவ்வளவு நிதானமான, சரியான உடல் அளவுகள். பென்சில்வேனியாவில் கிரெனடியர், 1980இலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அதிகாரப்பூர்வ உருவங்களைப் பெட்டி பெட்டியாக விற்றது. அந்த உரிமம் பிறகு கொஞ்ச காலம் இங்கிலாந்தின் சிட்டாடலிடமும், 1987இலிருந்து ரால் பார்தாவிடமும் போனது. அதனால் 'டி அண்ட் டி பொம்மை' என்று மொத்தமாக விற்கிற ஒரு டப்பாவுக்குள் மூன்று கம்பெனிச் சரக்கு கலந்து கிடக்கலாம்.

சிட்டாடல் என்ற பெயரைத்தான் நீங்கள் அதிகம் கேட்கப் போகிறீர்கள். லண்டனில் 1975இல் இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் ஆரம்பித்த கேம்ஸ் வொர்க்‌ஷாப், 1970களின் கடைசியில் பிரையன் ஆன்செலோடு சேர்ந்து, நாட்டிங்ஹாம் பக்கத்தில் நியூவார்க் என்ற ஊரில் சிட்டாடல் மினியேச்சர்ஸைத் தொடங்கியது. ஆரம்பத்தில் ரால் பார்தா உருவங்களை உரிமம் வாங்கி இங்கிலாந்தில் வார்த்து விற்றார்கள், சிட்டாடல் உருவங்களை ரால் பார்தா அமெரிக்காவில் வார்த்தது. 1983இல் ஆன்செல், ரிக் பிரீஸ்ட்லி, ரிச்சர்ட் ஹாலிவெல் மூவரும் வார்ஹாமர் விதிகளைக் கொண்டுவந்தார்கள். காரணத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. குகைக்குள் இறங்குகிற விளையாட்டுக்கு ஆளுக்கு ஓர் உருவமும் கொஞ்சம் அரக்கர்களும் போதும், படையோடு படை மோதுகிற விளையாட்டு என்றால் டஜன் கணக்கில் வாங்குவார்கள். அந்தக் கணக்கு பலித்தது. 1987இல் அதன் விண்வெளி வடிவமான வார்ஹாமர் 40,000 வந்தது. கம்பெனியின் மையமும் நாட்டிங்ஹாமுக்கு நகர்ந்தது. அங்கிருந்து பிரிந்து போனவர்கள் அதே வட்டாரத்திலேயே சின்னச் சின்ன வார்ப்பு கம்பெனிகளைத் தொடங்கியதால் அந்தப் பகுதிக்கே 'லெட் பெல்ட்' (ஈயப் பட்டை) என்று செல்லப் பெயர் உண்டு.

சரி, இவற்றை எப்படிச் செய்தார்கள்? இதைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

சிற்பி ஒரு கம்பியை எலும்புக்கூடு மாதிரி வளைத்து, அதன்மேல் இரண்டு பாகமாக வருகிற எபாக்ஸி புட்டியைப் பிசைந்து அப்பி, ஊசியாலும் பல் மருத்துவர் வைத்திருக்கிற மாதிரிச் சின்னக் கருவிகளாலும் உருவத்தை வடிப்பார். மஞ்சளும் நீலமுமான இரண்டு பட்டைகளைச் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகிற புட்டியைப் பலர் பயன்படுத்தியதால், மூலச் சிற்பத்துக்கே 'கிரீன்' என்று பெயர். எல்லாம் விற்கப் போகிற அதே அளவில்தான்: பெரிதாகச் செய்து சுருக்குகிற வசதி இல்லை. 25 மில்லிமீட்டர் ஆளின் கண்ணிமையைக் கையால் கீற வேண்டும். பிறகு அந்தக் கிரீனை இரண்டு வட்டமான ரப்பர் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ரப்பரை இறுக வைப்பார்கள். இதில் மூலச் சிற்பம் பல சமயம் உடைந்தே போகும். இந்த முதல் அச்சிலிருந்து சில உலோக நகல்கள் எடுத்து, சுத்தம் செய்து, அவற்றைக்கொண்டு உற்பத்தி அச்சுகளைச் செய்வார்கள். உற்பத்தி அச்சை ஓர் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, நடுவில் இருக்கிற துளையில் உருகிய உலோகத்தை ஊற்றினால், வாஷிங் மெஷின் துணி பிழியும்போது தண்ணீர் ஓரத்துக்கு ஓடுவது போல உலோகம் ஓரத்தில் இருக்கிற உருவக் குழிகளுக்குள் பாய்ந்து நிரம்பும். ஒரு நிமிடத்தில் ஆறி, தட்டைப் பிரித்தால் ஒரு வட்டம் நிறைய காப்ளின்கள்.

பழைய உருவங்களின் எல்லா விசித்திரங்களும் இந்த முறையிலிருந்துதான் வருகின்றன. இரண்டு தட்டுகளும் நேராகப் பிரிய வேண்டும், உருவம் ரப்பரில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆகவே கை, வாள், கேடயம் எல்லாம் கூடியவரை ஒரே தளத்தில் விரிந்திருக்கும். எதிரே வருகிறவனை நோக்கி வாளை நீட்டாமல், சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி பக்கவாட்டில் கையை விரித்து நிற்கிறானே என்று தோன்றினால் சிற்பிக்கு உடலமைப்பு தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். ரப்பர் அவ்வளவுதான் அனுமதித்தது. அடுத்து, உருவத்தின் பக்கவாட்டில் தலை முதல் கால் வரை ஓடுகிற மெல்லிய கோடு, இரண்டு தட்டுகளும் சந்தித்த இடம். அங்கங்கே மீன்முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது, காற்று வெளியேற வெட்டிய வாய்க்காலில் ஏறிய உலோகம். அச்சு தேயத் தேய விவரம் மழுங்கும். அதனால் ஒரே உருவத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்று கூர்மையாகவும் மற்றது சோப்புக் கட்டி மாதிரியும் இருப்பது சாதாரணம்.

இன்னொன்று, முகம். அவ்வளவு சின்ன முகத்தை உண்மையான அளவில் வடித்தால் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தலையையும் கையையும் பெரிதாக்கினார்கள், மூக்கைப் புடைக்க வைத்தார்கள், சுருக்கங்களை ஆழமாகக் கீறினார்கள். கெவ் ஆடம்ஸ் என்ற சிற்பி செய்த காப்ளின்களும், அவற்றைவிடப் பெரிய முரட்டு அரக்கர்களான ஓர்க்குகளும் இதன் உச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கும். ஒருவன் திருட்டு முழி முழிப்பான், ஒருவன் பல்வலிக்காரன் மாதிரி நிற்பான். பெர்ரி சகோதரர்களான மைக்கேலும் ஆலனும், ஜெஸ் குட்வினும் அதே காலத்தில் சிட்டாடலுக்குச் செய்தவர்கள், ஆனால் ஒவ்வொருவர் கையும் தனி. கொஞ்ச நாள் பழகினால் பெயர் பார்க்காமலே இது இன்னார் வேலை என்று சொல்ல வரும். சேகரிப்பில் உண்மையான ருசி அங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

இனி உலோகம். அக்காலத்து உருவங்களில் பெரும்பாலானவை காரீயமும் வெள்ளீயமும் கலந்தவை. நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அதை நினைத்து இதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, காரீயம் நஞ்சு. தொட்டால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. வாய் வழியாகவோ தூளாகவோ உள்ளே போவதுதான் ஆபத்து. சாப்பிட்டுக்கொண்டே வேலை செய்யாதீர்கள், பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், அரம் போடும்போது உருவத்தை ஈரமாக்கிக்கொண்டு போட்டுத் தூளைத் துணியால் துடைத்து எறியுங்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில், பூட்டி. அமெரிக்காவில் 1993 வாக்கில் நியூயார்க் மாநிலத்துக் காரீயச் சட்டம் பற்றிய பேச்சில் இந்தத் துறையே ஆடிப்போனது. ரால் பார்தா ரலிடியம் என்ற பெயரில் காரீயமில்லாத கலவைக்கு மாறியது, விலையும் ஏறியது. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் 1990களின் பிற்பாதியில் காரீயத்தை விட்டது, 2011இல் பல உலோக உருவங்களை ரெசினுக்கு மாற்றியது, இன்று கிட்டத்தட்ட முழுக்க பிளாஸ்டிக்.

உங்கள் கையில் இருப்பது எந்தக் கலவை என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. வெள்ளைத் தாளில் அடிப்பாகத்தைத் தேயுங்கள். காரீயம் அதிகம் என்றால் பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறம் விழும். வாளை லேசாக வளைத்தால் காரீயம் சத்தமில்லாமல் வளையும், வெள்ளீயம் அதிகமுள்ள புதுக் கலவை மெல்ல நறநறக்கும். சோதனை என்று திரும்பத் திரும்ப வளைத்தால் வாள் கையோடு வந்துவிடும், ஜாக்கிரதை.

எந்தக் காலத்து உருவம் என்று பார்க்க முதலில் காலடியைப் பாருங்கள். 1980களின் நடுப்பகுதி வரை உருவமும் அது நிற்கிற தட்டும் ஒரே வார்ப்பு. அதற்குப் பிறகு சிட்டாடல், காலுக்குக் கீழே ஒரு தட்டையான உலோகப் பட்டையை வைத்து, நடுவில் பிளவுள்ள பிளாஸ்டிக் தட்டில் அதைச் செருகுகிற முறையைக் கொண்டுவந்தது. அந்தத் தட்டுக்கு ஸ்லாட்டாபேஸ் என்று பெயர், அதனால் அதற்கு முந்தியவற்றை 'பிரி-ஸ்லாட்டா' என்பார்கள். விற்பவர் இந்தச் சொல்லைப் போட்டாலே விலையில் ஒரு படி கூடும். பட்டையில் கம்பெனி பெயர், ஆண்டு, பல சமயம் அந்த ஆளின் பெயரும் வார்த்திருக்கும். கேயாஸ் என்ற தீய படையைச் சேர்ந்த, ஸ்லாம்போ என்ற பெயருள்ள ஒரு வீரன் அந்தப் பெயராலேயே பிரபலம். பட்டையில் இருக்கிற ஆண்டு உருவம் வடித்த காலத்தைச் சொல்வது, வார்த்த ஆண்டு அதற்குப் பல வருடம் பிந்தியும் இருக்கலாம்.

அப்புறம் குறியீட்டு எண்கள். சிட்டாடல் தன் வரிசைகளுக்கு சி01 என்றால் போர்வீரர்கள், சி02 மந்திரவாதிகள், சி06 குள்ளர்கள், சி12 காப்ளின்கள், சி15 ஓர்க்குகள் என்று எண் கொடுத்திருந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் அந்த எண்ணில்தான் பேசுகிறார்கள். இணையத்தில் ஸ்டஃப் ஆஃப் லெஜெண்ட்ஸ், லாஸ்ட் மினிஸ் விக்கி என்ற இரண்டு இடங்களில் பழைய கேட்டலாக் பக்கங்களையும் படங்களையும் ஆர்வலர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் செலவு செய்தால் பணம் மிச்சம்.

வாங்குவது பெரும்பாலும் இபேயிலும், ஃபேஸ்புக் குழுக்களிலும்தான். இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ இந்தியாவுக்கு ஒரே ஓர் உருவத்தை வரவழைத்தால் பார்சல் செலவும் சுங்கமும் உருவத்தின் விலையைத் தாண்டிவிடும். அதனால் கலவையாக ஒரு டப்பா நிறைய விற்பார்களே, அதுதான் தொடக்கத்துக்கு நல்லது. பெயின்ட் தடிமனாக அப்பியிருக்கும், கை உடைந்திருக்கும், பாதி என்னவென்றே தெரியாது. பரவாயில்லை, கற்றுக்கொள்ள அதுவே வசதி. 'அரிது' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், அதே உருவம் அதே வாரத்தில் வேறு நாலு பேரிடம் இருக்கும்.

போலிகள் உண்டு. யாரோ ஒரு அசல் உருவத்தையே மூலமாக வைத்து அச்செடுத்து வார்த்தது. உலோகம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால் நகலின் நகல் அசலைவிடச் சின்னதாக இருக்கும். பட்டையில் எழுத்து மங்கியோ, அழித்தோ இருக்கும், சின்னக் காற்றுக் குமிழிகள் தெரியும், சங்கிலிக் கவசத்தின் கண்ணிகள் ஒன்றோடொன்று கரைந்திருக்கும். அசல் விலை சொல்லி விற்கிற பளபளப்பான பழைய உருவம் வரிசையாக ஒருவரிடமே கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

இதற்கு மாற்றாகப் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது: பழைய அச்சுகளிலிருந்து உரிமையோடு இன்றும் வார்த்து விற்கிறார்கள். ரால் பார்தாவின் பழைய ஊழியர்கள் அதே சின்சினாட்டியில் அயர்ன் விண்ட் மெட்டல்ஸ் என்ற பெயரில் தொடர்கிறார்கள். கிரெனடியரின் ஃபேன்டஸி வரிசைகள் பல இத்தாலியில் மிர்லிட்டன் என்ற கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தன. பிரையன் ஆன்செல் பின்னாளில் நடத்திய வார்கேம்ஸ் ஃபவுண்ட்ரி நியூவார்க் பக்கத்தில் இருக்கிறது. பழைய வார்ஹாமர் பிரியர்கள் வருடாவருடம் 'பிரிங் அவுட் யுவர் லெட்' என்று கூடி, மூன்றாம் பதிப்பு விதிகளில் மோதிக்கொள்கிற இடமும் அதுதான். புது வார்ப்பு என்பதால் மறுவிற்பனை மதிப்பு இருக்காது. ஆனால் அதே சிற்பியின் அதே வேலை, காரீயம் இல்லாத கலவையாகப் பார்த்தும் வாங்கலாம். வண்ணம் தீட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இதுவே நல்ல வழி என்று சொல்வேன். முதலீடு என்று நினைத்து இந்தப் பக்கம் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான்.

எல்லாவற்றையும் சேர்க்க முயன்றால் முடியாது. ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு சிற்பியின் காப்ளின்கள் மட்டும், அல்லது 1985க்கு முந்திய மந்திரவாதிகள் மட்டும், அல்லது ஒரு குகை விளையாட்டுக்குத் தேவையான எட்டுப் பேர் கொண்ட கூட்டம் மட்டும். தீட்டாமல் குவிகிற பொம்மைக் குவியலுக்கு 'ஈய மலை' என்றே பெயர் வைத்துக் கிண்டல் செய்கிற அளவுக்கு இந்தக் கூட்டத்தில் அது பொதுவான நோய். கூடவே அளவையும் கவனியுங்கள். பழையவை 25 மில்லிமீட்டர், அதுவும் சிலர் உள்ளங்காலிலிருந்து கண்வரை அளந்தார்கள், சிலர் உச்சிவரை. வருடம் ஏற ஏற 28, 32 என்று வளர்ந்துகொண்டே போனது. 1979 வீரனை இன்றைய வீரன் பக்கத்தில் நிறுத்தினால் அப்பாவும் பள்ளிக்கூடப் பையனுமாகத் தெரிவார்கள்.

பழைய பெயின்டை எடுக்க இங்கிலாந்துக்காரர்களின் பிரபலமான வழி டெட்டால். நம்மூரில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற அதே டெட்டால்தான். தண்ணீர் கலக்காமல் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி உருவத்தை ஓர் இரவு போட்டு வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு பழைய டூத் பிரஷால் தேய்த்தால் அக்ரிலிக் பெயின்ட் உரிந்து வரும். முக்கியமான விஷயம், பெயின்ட் முழுக்கப் போகும்வரை தண்ணீரில் காட்டக் கூடாது. காட்டினால் கரைந்த பெயின்ட் தார் மாதிரிப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பது பெரும் பாடு. டெட்டாலிலேயே அலசிவிட்டு, கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தண்ணீரும். 1970களில் பெரும்பாலும் ஹம்ப்ரால் மாதிரி எனாமல் பெயின்ட்தான், அது இதற்கு மசியாமல் போகலாம். உலோகத்துக்கு அசிட்டோன் பயன்படுத்தலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் போகாமல். பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிடுங்கள், அசிட்டோனில் கரைந்துவிடும். ஒரு வேண்டுகோள்: பழைய பெயின்ட் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். 1984இல் யாரோ பொறுமையாகத் தீட்டிய ஒரு மந்திரவாதியை உரித்துவிட்டு நாம் போடப் போவது அதைவிட நன்றாக இருக்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

இனி தீட்டுவது. முதலில் பக்கவாட்டுக் கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள், வெட்ட வேண்டாம். கழன்ற கையை ஃபெவிக்விக் ஒட்டும், ஆனால் கனமான துண்டு என்றால் சின்ன துளை போட்டு உள்ளே கம்பித் துண்டு வைத்து ஒட்டினால்தான் நிற்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து பிரைமர், அதாவது பெயின்ட் பிடிக்க முதலில் போடுகிற அடிப்பூச்சு. 80களில் வெள்ளை பிரைமர் போட்டார்கள், கறுப்பு பின்னால் பரவியது. பழைய பாணியில் பளிச்சென்று வர வேண்டுமென்றால் வெள்ளைதான். ஸ்ப்ரே பிரைமர் என்றால் சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் மழைநாளில் அடிக்காதீர்கள், மேற்பரப்பு மாவு தூவிய மாதிரி சொரசொரப்பாகிவிடும். பிரஷால் போடுகிற பிரைமரும் இருக்கிறது, கொஞ்சம் மெதுவான வேலை, ஆனால் எந்த நாளும் போடலாம்.

பிரஷ் விஷயத்தில் புதியவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: சின்ன உருவம், ஆகவே இருப்பதிலேயே மெல்லிய பிரஷ். அதில் பெயின்ட் முனைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும், நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். முனை கூராகச் சேர்கிற ஒரு நல்ல 1ஆம் நம்பர் பிரஷ் போதும், கண்ணைக்கூட அதிலேயே வைக்கலாம். அக்ரிலிக் பெயின்டைத் தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லிசாக இரண்டு தடவை பூச வேண்டும். ஒரே தடவையில் மூடிவிட நினைத்தால் சிற்பி கஷ்டப்பட்டுக் கீறிய சுருக்கமெல்லாம் அடைபட்டுவிடும். காப்ளின் தோலுக்குப் பச்சை, துணிக்கு ஒரு நிறம், தோல் வாருக்குப் பழுப்பு, இரும்புக்கு வெள்ளி. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடிப்படை நிறம் பூசி முடித்த கட்டத்தில் உருவம் அசிங்கமாகத்தான் இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து பாதியில் நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

அடுத்து வாஷ். நன்றாக நீர்த்த கருநிறத்தை மேலே ஓடவிட்டால் அது பள்ளங்களில் போய்த் தங்கி, மேடுகளில் மெல்லிய படலமாக நிற்கும். ஆழமாகக் கீறிய முகம் என்றேனே, அதன் பலன் இப்போது தெரியும். மூக்கின் ஓரம், கண்குழி, பல்லிடுக்கு எல்லாம் தானாக இருட்டி, முகம் எழுந்து வரும். புது பிளாஸ்டிக் உருவங்களின் வழவழப்பான கவசத்தில் அதே வாஷ் திட்டுத்திட்டாகத் தேங்கும், அங்கே உங்கள் கைத்திறமைதான் நிழலை உண்டாக்க வேண்டும். பழைய உருவத்தில் அந்த வேலையில் பாதியைச் சிற்பி ஏற்கெனவே செய்து வைத்துவிட்டார். வாஷ் காய்ந்ததும் சங்கிலிக் கவசம், ரோமம், முடி ஆகியவற்றுக்கு டிரைபிரஷ்: வெளிர் நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மேலாக உரசினால் மேடுகள் மட்டும் ஒளிரும். மற்ற இடங்களில், அடிப்படை நிறத்தோடு கொஞ்சம் வெளிர்நிறம் கலந்து மூக்கு நுனி, கன்னம், விரல்முட்டி, துணி மடிப்பின் முகடு என்று தொட்டு வையுங்கள். கண்ணுக்கு வெள்ளை, நடுவில் கறுப்புப் புள்ளி, வழிந்ததைத் தோல் நிறத்தால் மூடல். புள்ளி கோணலானால் காப்ளினுக்கு அது இன்னும் பொருந்தும்.

80களின் பாணி வேண்டுமென்றால் நிறங்களில் கஞ்சத்தனம் கூடாது. சிவப்பு என்றால் ரத்தச் சிவப்பு, பக்கத்திலேயே மஞ்சள், நடுவில் மெல்லிய கருங்கோடு. இன்றைய பாணியில் சேறும் துருவும் புகையுமாகப் போர்க்களத்திலிருந்து வந்த மாதிரி தீட்டுகிறார்கள், அன்று திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி தீட்டினார்கள். கேடயம் அன்று தனிக் கலை. வெறும் வட்டத்தில் பல் நெரிக்கிற ஒரு பெரிய முகத்தைக் கையால் வரைவது வழக்கம், அது சுமாராக வந்தாலும் அந்தக் காலத்து வாசனை வந்துவிடும். தட்டுக்கு மணல் ஒட்டிப் பச்சை பூசி, மேலே மஞ்சள் டிரைபிரஷ், விளிம்பும் அதே பச்சை. புது ஆட்கள் அந்தப் பச்சை விளிம்பைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்தக் கால நிறங்களே வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு கோட் டார்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் பெயின்ட் வரிசை இருக்கிறது, முதல் சிட்டாடல் பெயின்ட்களைச் செய்த மான்செஸ்டர் கம்பெனியின் தயாரிப்பு. தொடங்குகிறவருக்கு அதெல்லாம் தேவையில்லை. பக்கத்துக் கடையில் கிடைக்கிற அக்ரிலிக்கில் பத்து நிறம் வாங்கினால் ஒரு கூட்டத்தையே முடித்துவிடலாம். கடைசியில் வார்னிஷ், முதலில் பளபளப்பானது ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மேலே மங்கலானது ஒன்று. காரீயம் மென்மையாக வளைவதால் வாள் நுனியிலும் கேடய விளிம்பிலும் பெயின்ட் சீக்கிரம் உரியும், அதற்குத்தான் இரண்டு பூச்சு.

வைக்கிற இடத்தையும் யோசியுங்கள். காரீயம் அதிகமுள்ள பழைய உருவங்களில் சில சமயம் வெள்ளைச் சாம்பல் நிறத்தில் மாவு பூக்கும், விட்டால் விவரத்தையெல்லாம் தின்றுவிடும். ஓக் மாதிரியான சில மரங்களிலிருந்தும் அட்டைகளிலிருந்தும் வருகிற அமில ஆவிதான் முக்கியக் காரணம், மூடிய அலமாரியில் அது வெளியேற வழியில்லாமல் தேங்கும். ஆசையாகச் செய்த மரப்பெட்டியில் பூட்டி வைப்பதைவிட இரும்பு அல்லது கண்ணாடி அலமாரி நல்லது, கொஞ்சம் காற்றோட்டமும் வேண்டும். பிரைமரும் வார்னிஷும் போட்டவை ஓரளவு தாங்கும், தீட்டாத ஈய மலைதான் முதலில் மாட்டும். மாவு பூத்த ஒன்றைக் கண்டால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, கையுறையும் முகமூடியும் போட்டு, தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு நன்றாகக் காயவைத்து பிரைமர் போடுங்கள். அந்தத் தூளைக் காய்ந்த நிலையில் ஊதவோ சுரண்டவோ செய்யாதீர்கள், அது காரீயத் தூள்.